உப்புத்தண்ணிக் கப்பலில் மண்ணாங்கட்டி

முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலோடு போய்விட்டதால், மூன்றாவதையாவது எமன் ஏறெடுத்துப் பார்க்காமல் இருக்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தார்கள். பேர் வேலை செய்தது, பிள்ளை பிழைத்துக்கொண்டான். பயம் தெளிந்தபிறகு பிறந்த தம்பிக்குப் பெருமாள் பேராகப் பார்த்து பக்தவச்சலம் என்று வைத்தார்கள். ராயபுரத்தில் அந்தத் தெரு முழுக்க மூத்தவன் பேரைச் சொல்லிச் சிரிக்கும். சிரித்தவர்களை மண்ணாங்கட்டி மறக்கமாட்டான். எட்டு வயதில் தன் காத்தாடியைக் கிழித்தவனை முப்பது வயதிலும் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆள் அவன். அவனுக்குக் கோபமே வராத மனுஷன் உலகத்தில் ஒருத்தன்தான், தம்பி பக்தவச்சலம்.

தம்பிதான் முதலில் அந்தக் கப்பலில் வேலைக்குப் போனான். சர்க்காரின் சின்ன நீராவிக் கப்பல் அது. மீன் பிடிக்காது, சரக்கு ஏற்றாது. துறைமுகத்திலிருந்து முப்பது நாற்பது மைல் கிழக்கே போய் நின்று, கடலுக்கடியில் ஐம்பது பாகம், நூறு பாகம், இருநூறு பாகத்தில் தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு என்று அளந்துகொண்டு திரும்பும். ஒரு பாகம் என்றால் ஆறடி. கடலுக்குப் போய் வெறும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வருகிற கப்பலை ராயபுரம் வேறெங்கே பார்த்தது? உப்புத்தண்ணிக் கப்பல் என்று பேர் சூட்டிக் கேலி பேசியது.

அந்தக் கப்பலில் உயிரான சாமான், ஜெர்மனியிலிருந்து வந்த வெப்பமானிகள். கப்பலாட்கள் அதைக் கண்ணாடி என்பார்கள். 1929-ல் ஒருநாள் அதில் ஒன்று காணாமல் போயிற்று. அளவு எடுப்பதற்குப் பொறுப்பான உதவி அதிகாரி சங்கரநாராயணன், தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, பி.ஏ. படித்தவர். கண்ணாடி முழுசாக மேலே வந்தது, கழுவி வைக்கச் சொல்லி பக்தவச்சலத்தின் கையில் கொடுத்தேன் என்று கப்பல் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்; அது திருட்டு வழக்காயிற்று. நடந்தது வேறு. கண்ணாடியைக் கூட்டில் வைத்துத் திருகாணியை முடுக்கவேண்டியவர் அவர்தான். கப்பல் ஆடிய ஆட்டத்தில் வாந்தி வந்து முடுக்காமல் ஓடிவிட்டார். அளவு பதிவதற்காகக் கூடு ஆழத்தில் தலைகீழாகப் புரளும், அப்போது கண்ணாடி நழுவிக் கடலோடு போயிற்று. வெறும் கூடு மேலே வந்ததை பக்தவச்சலம் பார்த்தான். கம்பியை இறக்கி ஏற்றுகிற வின்ச்சைச் சுற்றும் சாரங்கு ரஷீதும் பார்த்தார். ரஷீது பிள்ளைகுட்டிக்காரர், வேலைக்குப் பயந்தவர்; கோர்ட்டில் தெரியாது என்றுவிட்டார்.

படித்தவர் கையெழுத்தா, கப்பலாள் வாய்ப்பேச்சா என்று வந்தால் கோர்ட்டு எதை நம்பும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆறு மாசம் கடுங்காவல். போலீஸ் ஸ்டேஷனிலேயே தம்பியின் விலா எலும்பை உடைத்து அனுப்பினார்கள். வெளியே வந்தவன் இருமிக்கொண்டே நாலு மாசம் கிடந்தான். கடைசி வாரத்தில் சோறு இறங்கவில்லை, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

“நான் எடுக்கல ணா.”

“தெரியும்டா.”

“உனுக்குத் தெரியும். ஊருக்கு?”

ஊருக்கு அவன் திருடன்தான். அவன் மனைவி தாயம்மா துறைமுகத்துக் கிடங்கில் நிலக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். திருடன் பொண்டாட்டியை மூட்டைக்கு நடுவே உட்காரவைக்க முடியாது என்று மேஸ்திரி துரத்திவிட்டான். குழாயடியில் அவள் வந்தால் பெண்கள் தங்கள் குடத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். கணவனுக்குக் கொள்ளி வைத்த அன்றும் அப்படித்தான் செய்தார்கள். பக்கத்து அறையில் குடியிருந்த மண்ணாங்கட்டி அதைப் பார்த்தான். நிலக்கரி சுமக்கிற வேலையை அடுத்த வாரமே விட்டுவிட்டு, உப்புத்தண்ணிக் கப்பலில் ஆள் வேண்டுமா என்று போய் நின்றான்.

சங்கரநாராயணன் பேரைக் கேட்டுச் சிரித்தார். “மண்ணாங்கட்டியா? மழைக்குக் கரைஞ்சிற மாட்டியேடே?” என்றார். இப்படி ஒரு பேர் வைத்திருப்பவன் யாருக்கு அண்ணன், யாருக்குத் தம்பி என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ரஷீதுக்குத் தெரியும். அன்று மாலை அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார்.

“அரே, கை கிய் நீட்டிடாத. உன் தம்பி போன எடத்துக்கு நீயும் போவே.”

“நீ கோர்ட்ல வாயத் தொறந்திருந்தா அவன் போயிருக்கவே மாட்டான், பாய்.”

ரஷீது தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப்பிறகு அவர் மண்ணாங்கட்டிக்குப் புத்தி சொன்னதில்லை, எதையும் தடுத்ததுமில்லை.

கை நீட்டத்தான் வந்திருந்தான். முதல் பயணத்திலேயே சங்கரநாராயணன் கப்பல் விளிம்பில் குனிந்து குடலே வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மண்ணாங்கட்டி பின்னால் ஒரு முழ தூரத்தில் நின்றான். ஒரு தள்ளு போதும். கைகூட அவர் முதுகுவரை போய்விட்டது. அப்புறம் யோசித்தான். இந்த ஆள் இப்போது செத்தால் நல்ல பேரோடு சாவான். பத்திரிகையில் போடுவார்கள், மாலை வாங்கி வைப்பார்கள். என் தம்பி கெட்ட பேரோடு செத்தான். இவனும் பேர் கெட்டு, அதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். கையை இழுத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

அதற்கு வழியையும் சங்கரநாராயணனே சொல்லிக்கொடுத்தார்.

வேலை இதுதான். ஈயக் குண்டு கட்டிய கம்பியில் இடைவெளி விட்டுப் பித்தளைப் போத்தல்களை மாட்டி இறக்கவேண்டும். ஒவ்வொரு போத்தலின் விலாவிலும் ஒரு கண்ணாடி இருக்கும். ஆழத்துக்குப் போனபிறகு பத்து நிமிஷம் கம்பியைத் தொடாமல் நிற்கவேண்டும். அந்த ஆழத்துக் குளிரைக் கண்ணாடி வாங்கிக்கொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும். அப்புறம் கம்பி வழியே ஒரு பித்தளைக் கட்டியை நழுவ விடுவார்கள். அது முதல் போத்தலைத் தட்டும். போத்தல் புரண்டு வாயை மூடிக்கொள்ளும். பாதரசம் அந்த இடத்திலேயே அறுந்து நின்றுவிடும், மேலே வந்தாலும் மாறாது. அந்தப் போத்தலிலிருந்து இன்னொரு கட்டி கழன்று அடுத்த போத்தலைத் தட்டப் போகும். கட்டிக்குக் கப்பலாட்கள் தபால் என்று பேர் வைத்திருந்தார்கள். கம்பியில் உள்ளங்கையை வைத்திருந்தால் தபால் போய்ச் சேர்ந்தது கைக்குத் தெரியும்.

“பத்து நிமிசத்துக்கு முந்தி தபாலை விட்டுட்டேன்னு வையி,” என்றார் சங்கரநாராயணன், “கண்ணாடி மேல்தண்ணிச் சூட்டையும் சேர்த்துக் காட்டும். எல்லாம் பொய்யாப் போயிரும். வெளங்குதா?”

“வெளங்குச்சுங்க,” என்றான் மண்ணாங்கட்டி. நன்றாகவே விளங்கிவிட்டது.

அளவு எடுக்கும்போது அதிகாரி கம்பியருகே கடிகாரத்தோடு நிற்கவேண்டும் என்பது சட்டம். நின்றதாக ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். சங்கரநாராயணனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கப்பல் துறைமுகத்தைத் தாண்டியதும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு தன் அறையில் படுத்துவிடுவார். அங்கிருந்தே குரல் வரும்.

“பத்து நிமிசம் ஆச்சாடே?”

“ஆச்சுங்க.”

ஆகியிருக்காது. கம்பி நின்ற கையோடு தபாலை விட்டிருப்பான். ரஷீது வின்ச்சின் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சங்கரநாராயணன் படுத்தபடியே ‘பத்து நிமிஷம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இப்படி 1931 முழுக்க, அடுத்த வருஷம் பாதி வரைக்கும், நூற்று முப்பது இடத்தில். ஒவ்வொரு பொய்யும் ஒரு நாள் அந்த ஆளின் கழுத்துக்கு வரும் என்று மண்ணாங்கட்டி கறுவிக்கொண்டே வேலை பார்த்தான். அவனைப் போல ஒழுங்கான வேலைக்காரன் கிடையாது என்று சங்கரநாராயணன் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.

ஆனால் நடந்தது தலைகீழ். எண்ணூர்க் கழியோரத்தில் கப்பலுக்குச் சொந்தமான கொட்டகை ஒன்று இருந்தது. போத்தல் தண்ணீரின் உப்பை அங்கேதான் கணக்குப் பார்ப்பார்கள். ஒருநாள் அங்கே நாற்காலி போட்டு, பூமாலை வாங்கி வைத்திருந்தார்கள். நூறு பாகத்தில் யாரும் எதிர்பாராத வெதுவெதுப்பான தண்ணீர் ஓடுகிறது, சென்னைக் கடலுக்கடியில் வெந்நீர் ஆறு ஒன்று இருக்கிறது என்று சங்கரநாராயணன் கட்டுரை எழுதி, அது அச்சாகிவிட்டதாம். சீமையிலிருந்து கடிதம் வந்திருந்தது. மாலை போட்ட கழுத்தோடு அவர் மண்ணாங்கட்டிக்கும் ஒரு லட்டு கொடுத்தார். அதை அவன் கழியில் எறிந்தான். வீட்டுக்கு வந்து சுவரில் முட்டிக்கொள்ளாத குறை. குழி தோண்டப் போய் அந்த ஆளுக்கு மேடை கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று வயிறு எரிந்தது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் ரஷீது செய்தி கொண்டுவந்தார். கல்கத்தாவிலிருந்து பெரிய துரை ஒருவர் வருகிறார். கட்டுரையைப் படித்தவருக்குச் சந்தேகம். அந்த ஆழத்தில் தண்ணீர் அவ்வளவு சூடு என்றால் உப்பும் வேறாக இருக்கவேண்டுமாம். உப்பு மட்டும் குளிர்ந்த தண்ணீருக்கு உள்ளபடியே இருக்கிறதாம். தபால் முன்னே போனாலும் பின்னே போனாலும் போத்தல் அந்த இடத்துத் தண்ணீரைத்தான் பிடிக்கும். அதனால் உப்பு உண்மையைச் சொல்லிவிட்டது. துரை தாமே கப்பலில் வந்து அளக்கப்போகிறார்.

மண்ணாங்கட்டிக்கு அன்றைக்குத்தான் பசித்தது.

துரை வந்த நாளில் கடல் சாதுவாக இருந்தது. துரை கையில் கடிகாரத்தோடு கம்பியருகே நின்றார். சங்கரநாராயணன் அவர் பக்கத்தில் சிரித்த முகமாக நின்றார். தன் ஆற்றைத் தானே நம்பிய மனுஷன், பாவம். போத்தல்களை மண்ணாங்கட்டி ஒவ்வொன்றாக மாட்டினான். திருகாணியை இரண்டு தடவை முடுக்கிப் பார்த்தான். கம்பி நூறு பாகத்தில் நின்றதும் கையைக் கட்டிக்கொண்டான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவன் பத்து நிமிஷம் முழுசாக நின்றது அன்றைக்குத்தான். அந்தப் பத்து நிமிஷமும் அவனுக்கு இனித்தது. துரை தலையசைத்தார். தபாலை விட்டான். உள்ளங்கையில் ஒவ்வொரு தட்டாக வந்தது.

மேலே வந்த கண்ணாடியைத் துரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நூறு பாகத்துத் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. கட்டுரையில் இருந்ததற்கும் இதற்கும் ஏழு டிகிரி வித்தியாசம். இடம் மாறி மறுபடி இறக்கினார்கள். மூன்றாந் தடவையும் இறக்கினார்கள். ஆறும் இல்லை, வெந்நீரும் இல்லை. சங்கரநாராயணனின் சிரிப்பு எந்தத் தடவையில் போயிற்று என்று மண்ணாங்கட்டி கவனமாகப் பார்த்து வைத்துக்கொண்டான். இரண்டாந் தடவையில். மூன்றாவதில் அவர் திரும்பி மண்ணாங்கட்டியைப் பார்த்தார். இந்த ஆளுக்கும் மூளை உண்டு, புரிந்துகொண்டார். துரை பதிவேட்டை வாங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை எண்ணூர்க் கொட்டகையில் விசாரணை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் சங்கரநாராயணன் ராயபுரத்தில் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். செருப்பை வாசலிலேயே கழற்றினார்.

“நீ தபாலை முந்தியே விட்டிருக்க.”

“ஆமா சார்.”

“எல்லாத் தடவையுமா?”

“ஒண்ணுகூட பாக்கி வெக்கல.”

“உனக்கு நான் என்னடே செஞ்சேன்?”

“பக்தவச்சலம் என் தம்பி.”

சங்கரநாராயணன் நெற்றியைச் சுருக்கினார். பேர் அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அதைப் பார்த்தபோதுதான் மண்ணாங்கட்டிக்கு முதல் பயணத்திலேயே தள்ளிக் கொன்றிருக்கலாம் என்று தோன்றியது. மெல்ல மெல்ல அவர் முகம் வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நான் அறையில படுத்திருந்தேன்னு ஒத்துக்கிடுதேன்,” என்றார். “கண்டிச்சு விட்டுருவாக, அவ்வளவுதான். தபாலை முந்தி விட்டது நீதான்னு நீ ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா அளவையெல்லாம் நானா எழுதினதாத்தான் நெனைப்பாக. பொய்யன்னு போட்டு வெளியே தள்ளுவாக. எங்க மச்சான் கடையில உனக்கு வேலை வாங்கித் தாரேன்.”

“வேலை வாணாம் சார். கொழாயண்ட தாயம்மா தண்ணி புடிச்சுகினு கீது. தம்பி பொண்டாட்டி. நடந்தத அதுகிட்ட சொல்லுங்க. அங்க கீறவங்க எல்லாருக்கும் கேக்கணும்.”

சொன்னால் என்னாகும் என்று அவருக்குத் தெரியும். கோர்ட்டில் சொன்ன பொய்யை நடுத்தெருவில் ஒத்துக்கொள்வது. ஆனாலும் எழுந்து போனார். குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். படித்தவர் ஒருவர் வெறுங்காலோடு வந்து நிற்பதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் கண்ணாடியை எடுக்கலை,” என்றார் சங்கரநாராயணன். “நான் திருகாணியை முடுக்கலை. அது கடல்ல விழுந்துட்டு. நான் பொய் எழுதிட்டேன்.”

தாயம்மா நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “இத்த சொல்றதுக்கு மூணு வருசமா?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்லுமுன் நடந்துவிட்டாள். பெண்கள் வழி விட்டார்கள்.

சங்கரநாராயணன் திரும்பி வந்தார். “நாளைக்குச் சொல்லிருவேல்லா?”

“சொல்றேன் சார்.”

திங்கட்கிழமை கொட்டகையில் துரையும் ஒரு குமாஸ்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். அளவு எடுத்ததைப் பற்றி சங்கரநாராயணன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். கடல் ஒத்துக்கொள்ளாது, அறையில் படுத்திருந்தேன், பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன், தபாலை இவன் முன்னதாக விட்டிருக்கிறான். அவர் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குமாஸ்தா மண்ணாங்கட்டியின் பக்கம் திரும்பினார்.

“தபாலை முன்னதாக விட்டாயா?”

“இல்லீங்க.”

“அதிகாரி எங்கே இருந்தார்?”

மண்ணாங்கட்டி கையைக் கட்டிக்கொண்டு, துரையின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

“கம்பியண்டதான் நின்னாருங்க. எம்மாம் வாந்தி வந்தாலும் ஐயா நகர மாட்டாரு. கெடியாரத்த அவருதான் பாப்பாரு. பத்து நிமிசம் ஆனப்புறம் அவரு சொன்னாத்தான் நான் தபாலு வுடறது. அவுர மாதிரி கடமை தெரிஞ்ச ஆபீசரு கெடைக்க மாட்டாருங்க.”

ரஷீதைக் கேட்டார்கள். “ஆமாங்க, ஐயா நின்னாரு,” என்றார் ரஷீது. இந்தத் தடவை அவருக்குச் சட்டென்று வாய் திறந்துவிட்டது.

அத்தோடு முடிந்தது. அதிகாரி பக்கத்தில் நின்றிருக்கிறார், பத்து நிமிஷமும் ஆகியிருக்கிறது என்றால் கண்ணாடி பொய் சொல்லாது. எழுதியவர்தான் இட்டுக்கட்டி எழுதியிருக்கிறார். பேருக்காக ஒரு ஆற்றையே உண்டாக்கிவிட்டு, இப்போது பழியைக் கூலிக்காரன் தலையில் போடப் பார்க்கிறார். துரை நூற்று முப்பது பக்கத்திலும் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். மண்ணாங்கட்டி சொன்னதைக் குமாஸ்தா எழுதிக் காட்டினார். கட்டைவிரலை மையில் தோய்த்து அதன்கீழே அழுத்தி வைத்தான்.

வாசலில் சங்கரநாராயணன் வழியை மறித்தார். கண் கலங்கியிருந்தது.

“வாக்குக் குடுத்தியேடே. நான் வந்து சொன்னேன்ல, அத்தனை பேருக்கு முன்னால.”

“என் தம்பி போலீஸ் வண்டில ஏறச்சொல்ல உங்க காலப் புடிச்சான் சார். நெசத்தச் சொல்லுங்கன்னு கேட்டான். நீங்க கால உதறிகினு போனீங்க. அவன் சாவற வரைக்கும் அதையேதான் சொல்லிகினு இருந்தான்.”

பழி வாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்று சொல்வார்கள். மண்ணாங்கட்டிக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் கடலோரமாக நடந்தே வந்தான்; எர்ணாவூர்ப் பக்கம் உட்கார்ந்து ஒரு பீடி பிடித்தான். கால் வலிக்கவில்லை. சங்கரநாராயணன் அந்த மாசமே வேலை போய், மூட்டை கட்டிக்கொண்டு மச்சான் கடைக்கு மிளகாய் நிறுக்கப் போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டபோது, அதைச் சொன்ன ஆளைத் திரும்பவும் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். அந்தக் கப்பலில் அவன் இன்னும் ஆறு வருஷம், அதை விற்கிற வரைக்கும், வேலை பார்த்தான். ஒரு தபாலைக்கூட முன்னதாக விடவில்லை.

விசாரணை முடிந்த அன்று தாயம்மா அவனுக்கு வவ்வால் மீன் குழம்பு வைத்திருந்தாள். காலையில் கிடங்கு மேஸ்திரி ஆள் அனுப்பி வேலைக்குக் கூப்பிட்டிருந்தான். கொட்டகையில் நடந்ததை மண்ணாங்கட்டி சொல்லச் சொல்ல, அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“மாமா, நீங்க நெசமாவே பத்து நிமிசம் நின்னீங்களா?”

“இல்ல.”

“அப்போ அந்த ஆளு சொன்னதுதான் நெசம்.”

“ஆமா.”

அவள் கரண்டியால் குழம்பைக் கிண்டினாள். தப்பு என்று சொல்லிவிடுவாளோ என்று அவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ஊரில் யார் சொன்னாலும் தாங்கிக்கொள்வான், இவள் சொன்னால் தாங்கமாட்டான்.

“அந்த ஆளுக்குப் பொண்டாட்டி கீதா?” என்று கேட்டாள் தாயம்மா.

“கீது. ரெண்டு புள்ளைங்களும் கீது.”

“அழுவட்டும்,” என்று சொல்லி, அவன் சோற்றில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.